கூட்டத்துல நானும் நின்னேன், இப்ப சாட்சி சொல்லக் கூப்பிடுதாங்க

பொருநைக்கரையான்:

நெல்லை, தென்காசி, தூத்துக்குடிக்காரங்க நிறைய பேர் இங்க இருக்கீங்க, அதனாலதான் இங்க வந்து எழுதுதேன். மூணு மாசமா எழுதி எழுதி அழிச்சது. நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

ஊர் அம்பாசமுத்திரத்துக்கும் கடையத்துக்கும் நடுவுல. பேர் வேண்டாம். அம்மன் கோயில் கொடை, அதான் திருவிழா, முடிஞ்சு எட்டாம் நாள் வர்ற எட்டாம் கொடைக்கு முந்தின நாள் நடந்தது. அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே வாட்ஸப்புல ஒரு ஆடியோ சுத்துச்சு. யாரோ ஒரு பொம்பளை அழுதுக்கிட்டே பேசுதா. பிள்ளை புடிக்கிற கும்பல் இறங்கியிருக்கு, பைத்தியக்காரன் மாதிரியும் பிச்சைக்காரன் மாதிரியும் வருவாங்க, பிள்ளைகளை வெளிய விடாதீங்கன்னு. எந்த ஊர், என்னைக்கு, ஒண்ணும் கிடையாது. அதை எங்க சொந்தக்காரங்க குரூப்புல போட்டது நான்தான். தனியாவும் ரெண்டு பேருக்கு அனுப்பினேன். இதை முதல்லயே சொல்லிருதேன்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும், பள்ளிக்கூடம் விடுற நேரம். பெட்டிக்கடை முக்குல ஒரு ஆள். அம்பது வயசு இருக்கும். சட்டைக்கு மேல சட்டை, தோள்ல ஒரு உரச்சாக்கு. வாறுகால் (சாக்கடை) ஓரமா குத்தவச்சு எதையோ குச்சியால கிளறிட்டு இருந்தார். பிள்ளைகள் அந்த வழியா வந்தப்போ ஒரு சின்னப் பொண்ணோட காலைக் காட்டி ஏதோ சொல்லி கையை நீட்டினார். அது பயந்து அழுதுச்சு. அவ்வளவுதான் நடந்தது. "ஏல, புடில அவன"ன்னு ஒரு சத்தம். எங்க இருந்து வந்தாங்கன்னே தெரியல, நாப்பது அம்பது பேர். பேர் கேட்டாங்க, ஊர் கேட்டாங்க. அவர் சொன்ன பாஷை யாருக்கும் புரியல. சாக்கைத் தட்டினதுல ஒரு குழந்தைச் செருப்பு விழுந்துச்சு. பிங்க் கலர், மேல பட்டாம்பூச்சி ஒட்டினது. அதுக்கப்புறம் யாரும் எதையும் கேக்கல.

பந்தல் பிரிச்ச கயிறு கோயில் திருணையில கிடந்தது. அதை எடுத்துட்டு வந்து கரண்டு கம்பத்துல கட்டினாங்க. அடிச்சதை நான் எழுதல. என் சித்தி மகன் முதல்ல வீடியோ எடுத்துட்டு நின்னான், அப்புறம் போனை இன்னொருத்தன் கையில கொடுத்துட்டு உள்ள போனான்.

நான் பன்னெண்டு அடி தள்ளி பைக்ல சாஞ்சு நின்னேன். சாவி கையில. யாராவது பெரியவுக வந்து சொல்லுவாகன்னு நினைச்சேன். பெரியவுகளும் நின்னாக. அவுக என்ன நினைச்சாகளோ.

நிப்பாட்டுனது ஒரு பஸ் கண்டக்டர். டவுண் பஸ் போக வழியில்லாம ஆரன் அடிச்சு நின்னுது. அவர் இறங்கி கூட்டத்தை விலக்கிட்டு நேரா கம்பத்துக்கிட்டப் போனார். "ஏ, இவரு நம்ம வண்டியில வந்தவருய்யா. ஆழ்வார்குறிச்சியில ஏறுனாரு, சீட்டு எடுத்திருக்காரு, இங்க இறக்கிவிட்டது நாந்தான். என் பாசஞ்சரை விடுங்க"ன்னார். சுத்தப் பொய். அந்த ஆள் நடந்து வந்ததை நான் காலையிலயே பார்த்தேன். ஆனா அந்தப் பொய்யைச் சொன்னதும் அப்படியே ஒரு அமைதி. கயித்தை அவிழ்த்தது யாருன்னா, கட்டுனவங்கதான்.

108 வந்து அம்பை ஆஸ்பத்திரிக்கும் அங்க இருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போனாங்க. இடது கை ரெண்டு இடத்துல முறிஞ்சிருந்துச்சு. ஒரு கண்ணு இன்னும் சரியாத் தெரியலையாம்.

மறுநாள் போலீஸ் வந்து அந்தச் சாக்கைக் கொட்டி மகஜர் எழுதினாங்க. தலையாரியும் நானும் கையெழுத்துப் போட்டோம். உள்ள இருந்தது ஏழு செருப்பு. ஆம்பளைச் செருப்பு, பொம்பளைச் செருப்பு, பிள்ளைகள் செருப்பு. ஒண்ணுக்கும் ஜோடி கிடையாது. எங்கெல்லாமோ பொறுக்கினது. "ஒற்றைச் செருப்பு, ஏழு"ன்னு ஏட்டு எழுதினப்போ எனக்கு அந்தச் சின்னப் பொண்ணோட காலை அவர் காட்டினது ஞாபகம் வந்துச்சு. அவ போட்டிருந்ததும் பிங்க் செருப்புதான். ஜோடி கிடைச்சிட்டுன்னு நினைச்சிருக்கார்.

அன்னைக்கே எட்டாம் கொடை. அதே கயித்துலதான் பந்தல் கட்டினாங்க. ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல.

இப்ப என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிடுதாங்க. போலீஸ் குற்றம் சாட்டின எதிரிப் பட்டியல்ல சித்தி மகனும் இருக்கான். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஊரே என்னமோ ஆயிப்போச்சு. முக்குல இருக்கிற சிமெண்டு பெஞ்சுல இப்ப யாரும் உக்காரதில்ல. பொங்கல் கழிஞ்சா அம்மி கொத்த வருமே ஒரு அம்மா, வரல. குடுகுடுப்பைக்காரர் பஸ் ஸ்டாப்புலயே நின்னு, பெட்டிக்கடைக்காரர்கிட்ட "உள்ள வரலாமா சாமி"ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போயிட்டாராம். எங்க ஊருக்குள்ள வர ஒருத்தர் இதுவரைக்கும் கேட்டதில்ல.

உங்க ஊர்ல இந்த மாதிரி நடந்திருக்கா? அதுக்கப்புறம் ஊர் என்ன ஆச்சு?


தேரிக்காட்டான்:

நான் துபாய்ல இருக்கேன் அண்ணே. சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். உங்க மேல கோபம் இல்ல, ஆனா ஒண்ணு சொல்லணும். எனக்கு நாலு வயசுல பொண்ணு. ராத்திரி அவ இருமினா இங்க எனக்குத் தூக்கம் போயிரும். அப்படி ஒரு ஆடியோ வந்து, அப்படி ஒரு ஆளு என் பிள்ளை பக்கம் கையை நீட்டினா நானும் முதல் அடி அடிச்சிருப்பேன். பெத்தவன் பயம் பயம்தான். போலீஸ் வர ஒரு மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் என்ன செய்ய? எல்லாரையும் கொலைகாரன் மாதிரி பேசக் கூடாது.


அங்கன்வாடி டீச்சர்:

தேரிக்காட்டான் தம்பி, பிள்ளைகளைப் பத்திப் பேசுறீங்க, அதனால பிள்ளைகளைப் பத்தியே சொல்றேன்.

நான் ராதாபுரம் பக்கம் அங்கன்வாடியில இருக்கேன், பதினேழு வருஷம். எங்க பக்கத்து ஊர்லயும் இதே ஆடியோவால ஒரு வயசான அம்மாவை மறிச்சு வச்சுட்டாங்க. அடி அதிகம் இல்ல, தள்ளுனதுல விழுந்து முழங்கை பேந்துட்டு. மகளைப் பார்க்க வந்த அம்மா அவங்க, வீடு மாறிப் போயிருந்ததால தெருத் தெருவா விசாரிச்சிருக்காங்க. நடந்தது தெரு நடுவுல. என் பிள்ளைகள் பாதிப்பேர் அங்க நின்னு பார்த்திருக்கு.

அடுத்த வாரம் மத்தியானம் சாப்பாடு முடிஞ்சு பாத்திரத்தை ஒதுக்கிட்டு வெளிய வந்து பார்த்தா, வேப்பமரத்தடியில ஒரு பையனை நிக்க வச்சு துண்டால கட்டியிருக்காங்க. மூணு வயசு, நாலு வயசு, அவ்வளவுதான். சுத்தி நின்னு "உன் ஊரு எது, உன் ஊரு எது"ன்னு கேக்குதுங்க. ஒரு பொண்ணு கையில சோப்பு டப்பாவை வச்சுட்டு வீடியோ எடுக்கிற மாதிரி நிக்குது. கட்டியிருந்த பையன் முதல்ல சிரிச்சான். அப்புறம் அழுதான். அழுததும் அதுங்களுக்கு இன்னும் சந்தோஷம்.

நான் அடிக்கல, திட்டல. அவிழ்த்துவிட்டுக் கதை சொல்ல உக்காந்தேன். கதை சொல்லும்போது எனக்குக் கை நடுங்கிட்டே இருந்துச்சு. அடுத்த நாளும் அதே விளையாட்டு. யார் கட்டப்படணும்னு வரும்போது மட்டும் எப்பவும் அதே பையன். அவன் அப்பா அம்மா வெளியூர்ல இருந்து செங்கல் சூளை வேலைக்கு வந்தவங்க. பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கல. அதுங்களே தெரிஞ்சுக்கிட்டுதுங்க.

இப்ப அவன் வரதில்ல. நான் ரெண்டு தடவை போய்க் கூப்பிட்டுட்டேன்.


வழக்காடி:

பொருநைக்கரையான் தம்பி, ஊர்ப் பெயரையும் ஆட்கள் பெயரையும் விட்டது நல்லது. இனியும் எழுதவேண்டாம். நான் பாளையங்கோட்டையில் இருபது வருஷமாக வக்கீல், கிரிமினல் பக்கம்தான் அதிகம்.

பழைய தண்டனைச் சட்டத்தில் 149 என்று எல்லாருக்கும் தெரிந்த பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 190. ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரே நோக்கத்தோடு கூடி, அந்த நோக்கத்துக்காக அதில் ஒருவன் குற்றம் செய்தாலும் கூடியிருந்த ஒவ்வொருவனும் பொறுப்பு. நான் கையைத்தான் பிடித்தேன், நான் கயிறு மட்டும்தான் கொடுத்தேன் என்று சொல்லி வெளியே வந்துவிட முடியாது. சும்மா நின்றதற்காக உங்களை அதில் சேர்க்க முடியாது, நோக்கத்தில் உங்களுக்கும் பங்கு என்று காட்டினால் ஒழிய.

2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் கும்பல் வன்முறையைத் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். இனம், சாதி, மொழி, பிறந்த இடம் போன்ற காரணத்துக்காக ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொன்றால் 103(2), தூக்கு அல்லது ஆயுள். கொடுங்காயம் என்றால் 117(4), ஏழு வருஷம் வரை. இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது கொடுங்காயம்தான். அவர் பேசிய பாஷை யாருக்கும் புரியவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி வழக்கில் மிகவும் முக்கியம்.

2018 ஜூலை 17-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே உத்தரவு போட்டது. மாவட்டந்தோறும் எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத ஒரு பொறுப்பு அதிகாரி, வதந்தி பரவும் இடங்களில் முன்கூட்டியே கண்காணிப்பு, விரைவு நீதிமன்றத்தில் கூடுமானவரை ஆறு மாதத்துக்குள் விசாரணை, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு. இழப்பீட்டுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். அந்த மனிதருக்குக் கேட்க ஆள் இல்லை, அதனால் நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

சாட்சி விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து கேரளாவில் இருக்கிற அட்டப்பாடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 பிப்ரவரியில் அரிசி திருடினார் என்று ஒரு ஆதிவாசியைப் பிடித்து, கையைக் கட்டி, கூட நின்று செல்ஃபி எடுத்தார்கள். அன்றைக்கே செத்துப்போனார். தீர்ப்பு வந்தது 2023 ஏப்ரலில். பதினாறு பேரில் பதினாலு பேர் குற்றவாளிகள் என்று முடிவானது. அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட சாட்சிகள் பிறழ்ந்துவிட்டார்கள். பக்கத்தில் நின்று பார்த்தவர்களே பார்க்கவில்லை என்றார்கள். அந்தத் தாயும் சகோதரியும் விடாமல் நின்றதால்தான் அந்த வழக்கு நின்றது. உங்கள் வழக்கில் அப்படி நிற்க ஒரு தாய் இல்லை.

மிரட்டல் வந்தால் 2018 சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மனுச் செய்யலாம். அதை நான் இலவசமாக எழுதித் தருகிறேன்.

தேரிக்காட்டான் தம்பிக்கு. என்ன செய்ய என்று கேட்டீர்கள். 112-க்கு அடிக்கலாம். மனநலம் குன்றி அலைகிற ஆளைக் கண்டால் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டியது போலீஸின் கடமை. 2017 மனநலச் சட்டம், பிரிவு 100. போலீஸ் வரும்வரை உட்கார வைத்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்கலாம். பிள்ளை புடிக்கிறவனாகவே இருந்தாலும் தண்ணீர் கொடுத்ததால் ஓடிவிட மாட்டான்.


செங்கோட்டை முத்து:

2018-ல நான் பாலிடெக்னிக் படிச்சிட்டு இருந்தேன். அப்பவும் இதே கதைதான். வடநாட்டுல இருந்து நூத்துக்கணக்குல ஆள் இறங்கியிருக்குன்னு ஆடியோ, கூட ஒரு வீடியோ. ரெண்டு பேர் பைக்ல வந்து தெருவுல விளையாடுற பையனைத் தூக்கிட்டுப் போவாங்க. அதை நானும் பார்த்துப் பயந்தேன். பின்னாலதான் தெரிஞ்சது, அது கராச்சியில பிள்ளைகள் பாதுகாப்புக்காக எடுத்த விளம்பரம். கடைசியில அந்த ரெண்டு பேரும் பையனைத் திருப்பி இறக்கிவிட்டு ஒரு அட்டையைக் காட்டுவாங்க. அந்தக் கடைசித் துண்டை மட்டும் எவனோ வெட்டிட்டான்.

அந்த மே மாசம் திருவண்ணாமலை மாவட்டத்துல, போளூர் பக்கம், குலதெய்வம் கோயிலுக்குக் கார்ல வந்த குடும்பம் வழி கேக்க நின்னுச்சு. பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தாங்கன்னு துரத்தி அடிச்சதுல 65 வயசு அம்மா ஒருத்தங்க செத்துப்போனாங்க. நம்ம எல்லாருக்கும் குலதெய்வம் எங்கயோ ஒரு ஊர்லதான் இருக்கு. பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயில் தேடிப் போறப்போ எத்தனை ஊர்ல நிறுத்தி வழி கேட்டிருப்போம், எத்தனை பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்திருப்போம்? எங்க அம்மா இப்பவும் பையில எலந்தவடை வச்சிருப்பா. இனிமே யாருக்கும் கொடுக்காதேன்னு சொல்லி வச்சிருக்கேன். சொல்லும்போது எனக்கே கஷ்டமா இருந்துச்சு.

வாட்ஸப்புல ஒரு நேரத்துல அஞ்சு பேருக்கு மேல ஃபார்வர்ட் பண்ண முடியாதுன்னு இந்தியாவுல கொண்டுவந்தது அந்த ஜூலையிலதான். அது வர்றதுக்குள்ள மகாராஷ்டிராவுல துலே பக்கம் ஒரே நாள்ல அஞ்சு பேரை அடிச்சே கொன்னுட்டாங்க. ஊர் ஊராப் போய்ப் பிச்சை எடுத்துப் பிழைக்கிற நாடோடிகள்.


பழைய தபால்:

தபால் இலாகாவில் முப்பத்தாறு வருடம் இருந்தவன் நான். கூட்டம் என்றாலே கெட்டது என்று இளைஞர்கள் முடிவு கட்டிவிடுவார்களோ என்ற கவலையில் எழுதுகிறேன்.

1908 மார்ச் 12-ல் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன, மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். நகராட்சி அலுவலகம், தபால் ஆபீஸ், காவல் நிலையம், முன்சீப் கோர்ட் எல்லாம் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். எங்கள் இலாகாவின் ஆபீஸ் எரிந்த நாளை நாங்கள் வருத்தத்தோடு நினைத்ததே இல்லை. அந்தக் கூட்டத்துக்கு எதிரே நின்றது ஒரு சாம்ராஜ்யம்.

அதையும் இதையும் ஒரே சொல்லால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எரிந்து அடங்கியபின் வெள்ளைக்காரன் செய்தது, திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் தண்டப் போலீஸை நிறுத்தி, அந்தச் செலவை ஊர்க்காரர்கள் தலையில் வரியாகக் கட்டியது. கல்லெறிந்தவன் யார், கடையைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தவன் யார் என்ற பேச்சே இல்லை. அவ்வளவு நியாயம் இருந்த கூட்டத்துக்கே விலையை ஊர் முழுக்கக் கொடுத்தது.

அதற்கு ஒன்பது வருடம் முன்னால், 1899 ஜூன் 6. அப்போது சிவகாசி நம் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. கோயில் நுழைவுத் தகராறில் ஒரு சாதியாரின் வீடுகள் மேல் ஆயிரக்கணக்கில் ஆட்கள் போய் விழுந்தார்கள். அதற்கும் முன்னால் 1895-ல் கழுகுமலையில் தேர் வீதித் தகராறு. நூறு வருடம் கழிந்தும் அந்த ஊர்களின் பேரைச் சொன்னால் சில வீடுகளில் பேச்சு நின்றுபோவதை நான் கடிதம் கொடுக்கப் போன இடத்தில் பார்த்திருக்கிறேன். திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுப்பார்கள். இந்தத் தெருவுக்கும் அந்தத் தெருவுக்கும் என்ன பகை என்று கேட்டால் "அது பழைய கதை சார்" என்று உள்ளே போய்விடுவார்கள். இரண்டு தெருவுக்கும் கடிதம் கொண்டுபோன ஆள் நான் ஒருவன்தான்.


கயத்தாறு:

ஐயா சொன்னதுக்கு அப்புறம் நான் சும்மா இருந்தா தப்பு. வெளியூர்க்காரனை அடிச்சா நம்ம எல்லாரும் வருத்தப்பட்டு எழுதுதோம். நமக்குள்ள நடந்த சாதிச் சண்டையை எழுத மாட்டோம்.

நான் தொண்ணூறுகள்ல பள்ளிக்கூடத்துல படிச்சவன். 1995 ஆகஸ்ட் 31-ல கொடியன்குளத்துல போலீஸே கூட்டமாப் புகுந்து வீடு வீடா உடைச்சுது. அந்த வருஷங்கள்ல ஸ்கூலுக்குப் போனோமா வந்தோமான்னு எங்க அம்மா பஸ் ஸ்டாப்புல நிப்பா. பஸ்ஸை எரிக்கிறது, அதுக்குப் பதிலா அரிவாளை எடுக்கிறது, அதுக்குப் பதிலா இன்னொரு பஸ். 1997-ல போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் இருந்த தலைவர்கள் பேரை எல்லாம் அரசாங்கம் எடுத்துட்டு. எங்க ரூட் பஸ்ஸுல கட்டபொம்மன் பேரை அழிச்சுப் பூசின பெயிண்ட் பழைய பெயிண்டோட ஒட்டாம, வெயில் பட்டா எழுத்து உள்ள இருந்து தெரியும். நான் தினமும் அதைப் படிச்சுக்கிட்டே ஏறுவேன்.

நம்ம பக்கம் கும்பல் ஒரே நாள்ல கூடுறது இல்ல. அது ஆறாம் வகுப்புலயே கையில கயிறாக் கட்டியாச்சு. எந்தக் கலர்னா எந்த ஆள்னு வாத்தியாருக்கும் தெரியும், பையனுக்கும் தெரியும். 2023 ஆகஸ்ட்டுல நாங்குநேரியில வீட்டுக்குள்ள புகுந்து பையனையும் தங்கச்சியையும் வெட்டினது கூடப் படிச்ச பையங்க. அதுக்கப்புறம்தான் நீதிபதி சந்துரு குழு போட்டாங்க. கயிறு, மோதிரம், நெத்தியில சாதி அடையாளம் எதுவும் பள்ளிக்கூடத்துக்குள்ள கூடாதுன்னு 2024-ல அறிக்கை கொடுத்தார். அதுக்கும் எத்தனை எதிர்ப்பு!

பொருநைக்கரையான், உங்க ஊர் கூட்டம் அந்த ஆளை அடிக்கப் பழகினது அன்னைக்கு இல்ல. யாரை அடிச்சாக் கேக்க ஆள் வராதுன்னு கணக்குப் போடுறது நம்ம ஊர்ல சின்ன வயசுலயே படிச்சுருதோம். டீச்சர் அந்தச் சூளைப் பையனைப் பத்திச் சொன்னாங்களே, அதேதான்.


தேரிக்காட்டான்:

டீச்சர் எழுதினதை என் வீட்டுக்காரிக்கு அனுப்பினேன். அவ போன் பண்ணி அழுதா. நான் முதல்ல எழுதினதை அழிக்கல, அது கிடக்கட்டும். ஆனா அப்படி எழுதியிருக்கக் கூடாது.


கங்கைகொண்டான் மேஸ்திரி:

எனக்கு எழுத்து சரியா வராது, பையன்கிட்டச் சொல்லி அடிக்கச் சொல்லுதேன். என்கிட்ட கட்டட வேலைக்கு இருபத்திரண்டு பேர், ஒடிசா, பீகார், வங்காளம். 2023 மார்ச்சுல தமிழ்நாட்டுல பீகார்க்காரங்களைக் கொல்லுதாங்கன்னு அவங்க ஊர்ல பொய் வீடியோ பரவுச்சு. ஒரே வாரத்துல எட்டுப் பேர் மூட்டையைக் கட்டிட்டான். நான் எவ்வளவோ சொன்னேன். அவன் அம்மா அங்க இருந்து போன்ல அழுவுறா, நான் சொல்லி என்ன? பொய் வீடியோ இங்கயும் ஓடுது அங்கயும் ஓடுது, ஓடுற பாஷைதான் வேற.

இப்ப இந்தப் பிள்ளை புடிக்கி ஆடியோ வந்ததுல இருந்து என் பையங்க சாயங்காலம் காய்கறி வாங்க ஆறு பேராப் போறான். முன்னாடி ஒருத்தன் போவான், கடைக்கார அக்காகிட்டக் கொச்சைத் தமிழ்ல பேசி ரெண்டு பச்சமிளகா கொசுறு வாங்கிட்டு வருவான். இப்ப ஆறு பேராப் போனா கடையில இருக்கவங்க பயப்படுதாங்க. ஒத்தையில போக அவனுக்குப் பயம்.

தம்பி, அந்த ஆளு என்ன பாஷைன்னு தெரியலன்னீங்களே. ஆஸ்பத்திரியில இருந்தா அவர் பேசுறதைப் பதிஞ்சு அனுப்புங்க. என் பையங்ககிட்டப் போட்டுக் காட்டுதேன்.


ஒரு அக்கா:

நான் எதிரிப் பட்டியல்ல இருக்கிற ஒருத்தனோட அக்கா. இவங்க ஊர் இல்ல, வேற ஒரு ஊர், வேற ஒரு கேஸ். என் தம்பியும் அடிச்சான். நான் மறைக்கல.

எஃப்.ஐ.ஆர்.ல ஒன்பது பேர், "மற்றும் பலர்"னு போட்டிருந்தாங்க. அந்த "மற்றும் பலர்"தான் ஊரை ரெண்டு மாசம் ஆட்டிப்படைச்சுது. ராத்திரி ஜீப் சத்தம் கேட்டா ஆம்பளைங்க எல்லாம் வாழைத்தோட்டத்துக்குள்ள. பொம்பளைங்க மட்டும் வீட்டுல. அடிச்சவனை விட்டுட்டு அடிக்காதவன் பேரைச் சொல்லிக் கொடுத்து பழைய வரப்புச் சண்டையைத் தீர்த்துக்கிட்டவங்களும் உண்டு.

தம்பி ஐ.டி.ஐ. முடிச்சவன். மஸ்கட்டுக்கு விசா வந்திருந்துச்சு. போலீஸ் சர்டிபிகேட்டு கிடைக்கல, போச்சு. நாலு வருஷமா வாய்தாவுக்குப் போய்ட்டு இருக்கான். அப்பா ஆட்டை எல்லாம் வித்துட்டார். இதை இரக்கப்படுறதுக்காகச் சொல்லல. செத்துப்போனவருக்கும் ஒரு அக்கா இருந்திருப்பா.

எனக்கு ஆறாத ஒண்ணு, அவன் ஏன் அடிச்சான்னு அவனுக்கே சொல்லத் தெரியல. எத்தனையோ தடவை கேட்டுட்டேன். "எல்லாரும் அடிச்சாங்கக்கா"ங்கான். அந்த ஆள் முகம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். "பார்க்கல"ங்கான்.

பொருநைக்கரையான் அண்ணே, உங்க சித்தி உங்களோட பேசாமப் போகலாம். என் தம்பி விஷயத்துல ஒருத்தர் உண்மையைச் சொன்னார். எங்க பெரியப்பா மகன்தான். முதல் ஒரு வருஷம் அவர் வீட்டுப் பக்கம் நாங்க திரும்பல. அப்புறம் அவர் பொண்ணு சடங்குக்கு நான் மட்டும் போனேன். போய் வாசல்ல நின்னேன், அவர் வந்து உள்ள கூட்டிட்டுப் போனார்.


பொருநைக்கரையான்:

எல்லாருக்கும் பதில் எழுதத் தெரியல. ரெண்டு விஷயம் மட்டும்.

மேஸ்திரி அண்ணாச்சி, நீங்க சொன்னபடி போன வியாழக்கிழமை பார்க்கப் போனேன். இப்ப அவரை பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு இல்லத்துல வச்சிருக்காங்க. என்னைப் பார்த்து ஒண்ணும் பயப்படல, நான் யாருன்னு தெரிஞ்சா பயந்திருப்பார். பதிஞ்சு அனுப்பினதை உங்க பையன் கேட்டுட்டு ஒடியான்னு சொன்னதும், போன்லயே அவர்கிட்டப் பேச வச்சேன். அவரோட பாஷை காதுல விழுந்ததும் எழுந்து நின்னுட்டார். ஏதோ ஒரு ஊர்ப் பேர் சொல்லுதாராம். அந்தப் பேர்ல அங்க நிறைய ஊர் இருக்காம், தேடிட்டு இருக்காங்க. திரும்பத் திரும்ப இன்னொண்ணு கேட்டார். என்னன்னு உங்க பையன்கிட்டக் கேட்டேன். "என் சாக்கு எங்க"ன்னு கேக்கிறாராம். அது வழக்குச் சொத்தா கோர்ட்டுல இருக்கு. அதை நான் எந்த பாஷையில சொல்ல? வீட்டுல பரண்ல கிடந்த ஒரு ஒத்தைச் செருப்பை அடுத்த தடவை கொண்டுபோகலாமான்னு யோசிச்சேன். சரியா தப்பான்னு தெரியல. டீச்சர் சொல்லுங்க.

ரெண்டாவது, வழக்காடி அண்ணாச்சியோட நேத்து ரொம்ப நேரம் பேசினேன். நாளைக்கு அம்பை கோர்ட்டுல மாஜிஸ்திரேட் முன்னால வாக்குமூலம். பார்த்ததை எல்லாம் சொல்லப் போறேன். அந்த ஆடியோவை நான் அனுப்பினதையும் சேர்த்துச் சொல்லணும்னு இருக்கேன். சித்தி மகன் பேரும் வரும். அவன் நேத்து ராத்திரி வீட்டுக்கு வந்தான். ஒண்ணும் கேக்கல. திருணையில கொஞ்ச நேரம் உக்காந்துட்டு, "போய்ட்டு வாரேண்ணே"ன்னு எந்திரிச்சான். அன்னைக்கு அடிச்ச கையில இப்ப ஒரு காப்பு போட்டிருக்கான், கோயில்ல கட்டினது.

பஸ் ஸ்டாப்புக்குச் சித்தி வீட்டு வாசல் வழியாத்தான் போகணும், வேற முடுக்கு கிடையாது. காலையில அவ கோலம் போட்டுட்டு வாசல்லதான் உக்காந்திருப்பா. ஒன்பது பத்துக்கு அந்தக் கண்டக்டர் அண்ணாச்சி வண்டி வரும். அதுலதான் போறேன்.